சிரிக்கும் சிலந்தியும் பேரனின் சுவரும்

கேள்வி: சென்ற இதழில் ஓதிலோன் ரெதோன் என்ற பிரெஞ்சுக்காரர் கரியில் வரைந்த 'சிரிக்கும் சிலந்தி'யைப் போட்டிருந்தீர்கள். என் பேரன் இதைவிட நன்றாகச் சுவரில் கிறுக்குவான். வர்ணம் தீட்டத் தெரியாதவருக்கு ஏன் இத்தனை ஆரவாரம்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தெரியாதவர் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஐம்பதைத் தாண்டியபின் பாஸ்டல் என்னும் வண்ணக் குச்சிகளால் அவர் தீட்டிய பூச்சாடிகளைப் பார்த்தால் கண் கூசும். அதற்கு முன் பல ஆண்டுகள் கரியோடு கிடந்தார் என்றால், அது அவராக விரும்பிக் கிடந்தது. கறுப்பை மதிக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார் மனிதர்.

1840இல் போர்தோவில் பிறந்தவர். இளமையில் அவருக்குத் தெய்வம் கற்பனாவாத ஓவியர் தெலக்ருவா. செப்புத் தகட்டை ஊசியால் கீறி அமிலத்தில் அரிக்கவிடும் வித்தையை ரோதோல்ப் பிரெஸ்தானிடம் கற்றார். படத்தில் தம் பெயரோடு 'பிரெஸ்தானின் மாணவர்' என்றும் பொறித்தார். (நம்மவர்கள் குருவின் பெயரைப் போடுவது அவர் இறந்தபிறகுதான்.)

கரி வேலை கோடு போடுகிற வேலை அன்று. தாளில் கரியைத் தேய்த்து முதலில் இருட்டாக்க வேண்டும். பிறகு துணியாலும் ரொட்டித் துணுக்காலும் ஒற்றி ஒற்றி, வேண்டிய இடத்தில் மட்டும் வெளிச்சத்தை மீட்க வேண்டும். முழங்கை பட்டால் ஒரு நாள் உழைப்பு சட்டையில் இருக்கும். அதனால் பிசின் நீரைத் தெளித்துக் கரியைத் தாளோடு பிடித்து நிறுத்துவார். அதன்மேல் மறுபடியும் கரி. அந்தச் சிலந்தியின் மயிரடர்ந்த கறுப்புக்கு அவ்வளவு ஆழம் வந்தது இப்படித்தான். உள்ளங்கை அளவில் நாங்கள் அச்சிட்டதில் அது மையாக அப்பிக் கிடந்தது. அந்தக் குற்றம் எங்களுடையது.

கரிப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நாலு பேர் பார்க்க வேண்டுமே! ஓவிய நண்பர் ஃபாந்தன்-லத்தூர், கல்லில் பதித்த படத்திலிருந்து பல பிரதிகள் எடுக்கும் கல்லச்சு வழியைக் காட்டினார். 1879இல் வந்த முதல் தொகுப்பு வெறும் 25 பிரதிகள். 1881இல் கரியில் சிரித்த சிலந்தி, 1887இல் கல்லச்சிலும் சிரித்தது.

சென்ற இதழை மறுபடி எடுத்து, சிலந்தியின் கால்களை எண்ணுங்கள். எட்டு இல்லை, பத்து. பல்லை இளித்துக்கொண்டு அது உங்களைப் பார்க்கிற பார்வையில் அந்த இரண்டு கால் அதிகமானது உங்கள் கண்ணில் படவே இல்லை, பார்த்தீர்களா? பேரனையும் ஒன்று வரையச் சொல்லி அனுப்புங்கள், அவசியம் போடுகிறேன். சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவு மட்டும் உங்களுடையது.