கில்ட்டுக்கு எந்தக் கோட்? வாசகர் கேள்வி-பதில்

ஸ்காட்லாந்தில் கல்யாண சீசன் போலிருக்கிறது. இந்த வாரம் வந்த கடிதங்கள் எல்லாம் அங்கிருந்துதான். அங்கே ஆண்கள் விழாவுக்கு உடுத்தும், பாவாடை மாதிரி மடிப்பு வைத்த கில்ட்டும், அதற்கு மேல் போடும் கோட்டும்தான் பேச்சு.

கே: நண்பன் கல்யாணத்துக்குக் கில்ட் வாடகைக்கு எடுத்துவிட்டேன். மேலே என் சூட் கோட்டையே போட்டுக்கொள்ளலாமா? (கிளாஸ்கோ)

ப: வேண்டாம். கில்ட்டைத் தொப்புள் உயரத்தில் கட்டுவார்கள். சூட் கோட் பின்பக்க மடிப்புகளை மூடிவிடும். முன்னால் தொங்கும் ஸ்பாரன் பையும் பாதி மறைந்துபோகும். கில்ட் கோட் குட்டையாக, முன்பக்கம் வளைத்து வெட்டியிருப்பது அதற்காகத்தான். கில்ட் எடுத்த கடையிலேயே கோட்டும் கிடைக்குமே, கேட்டீர்களா?

கே: கில்ட்டுக்கு மேல் போட ஆன்லைனில் வாங்கிய 'பிரின்ஸ் சார்லி' வகைக் கோட்டில் முன்பக்கப் பொத்தானைப் போடவே முடியவில்லை. சின்ன சைஸை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள். (அபர்தீன்)

ப: அது மூடுகிற கோட்டே இல்லை. பொத்தான்கள் அழகுக்கு. உள்ளே இருக்கும் மூன்று பொத்தான் வெயிஸ்ட்கோட் (கையில்லாத உள்கோட்) வெளியே தெரிய வேண்டும். திட்டி மெயில் போட்டிருந்தால் மன்னிப்பும் கேட்டுவிடுங்கள்.

கே: 'இளவரசர் சார்லி 1745இல் அணிந்த அதே வெட்டு' என்று சொல்லி ஒரு கடையில் இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். வாங்கலாமா? (எடின்பரோ)

ப: இந்தக் கதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இளவரசர் சார்லி பிரிட்டன் அரியணையைப் பிடிக்க 1745இல் தொடங்கிய கிளர்ச்சி தோற்றதும், 1746இல் கில்ட் உட்பட ஹைலண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) உடைக்கே தடை வந்தது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதச் சிறை, மறுபடி பிடிபட்டால் 7 வருடம் நாடு கடத்தல். பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. தடை நீங்கியது 1782இல். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் செய்த ஏற்பாட்டில் கில்ட் பெரிய மனிதர்களின் விழா உடையாகிவிட்டது. கில்ட் கோட்டின் வெட்டு பட்டாளம் கொடுத்தது. முதலில் வால் வைத்த குட்டைக் கோட்டு, 1855இலிருந்து இடுப்புக்குக் கீழே மடல்கள் தொங்கும் டப்லெட். நீங்கள் பார்த்த கோட்டோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தையல்காரர்கள் கொண்டுவந்தது. மாலை விருந்துக்குப் போடும் டின்னர் ஜாக்கெட்டுக்கு ஜோடியாக, பட்டுக் காலரும் குட்டி வாலும் வைத்து, முதலில் வெறும் 'கோட்டி' (coatee, குட்டைக் கோட்) என்றுதான் விற்றார்கள். இளவரசர் பெயர் பின்னால் ஒட்டியது. அவர் 1788இலேயே இறந்துவிட்டார்! கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். உள் லேபிளைப் பாருங்கள். முழுக் கம்பளியா, பாலியெஸ்டர் கலப்பா என்பதற்குக் கொடுங்கள்.

கே: இணையத்தில் என் அளவைக் கொடுத்துத் தைத்த ஆர்கைல் கோட்டில் (கில்ட்டுக்குப் பகலில் போடுவது) கை இரண்டு அங்குலம் குட்டை. 'ஆர்டர் தையல், திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். 420 பவுண்டு, கிரெடிட் கார்டில் கட்டினேன். வந்து ஒரு வாரம் ஆகிறது. (டண்டீ)

ப: பாவம், நீங்கள் எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். ஆர்டர் தையலுக்கு இல்லாதது, மனம் மாறினால் 14 நாளில் ரத்து செய்யும் உரிமை மட்டும்தான். கொடுத்த அளவுக்குத் தைக்காதது அவர்கள் குறை. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் பொருளை மறுத்துப் பணத்தைக் கேட்கலாம். நீங்கள் அனுப்பிய அளவையும், கோட்டின் மேல் டேப் வைத்து எடுத்த படத்தையும் இணைத்து இன்றே எழுதுங்கள். மசியவில்லையா, 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவைச் சொல்லிக் கார்டு வங்கியிடம் போங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான பொருளுக்கு வங்கியும் பொறுப்பு. விடாதீர்கள்.

கே: சந்தையில் ஹாரிஸ் ட்வீட் (ஸ்காட்லாந்துத் தீவுகளின் கைத்தறிக் கம்பளித் துணி) கோட் என்று 60 பவுண்டு ரொக்கம் கொடுத்தேன். லேபிள் இல்லை, ரசீதும் இல்லை. அசலா? (இன்வர்னஸ்)

ப: லேபிளும் கேட்கவில்லை, ரசீதும் கேட்கவில்லை, இப்போது என்னைக் கேட்கிறீர்கள். 1993 சட்டப்படி, ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் அங்குள்ளவர்கள் வீட்டுத் தறியில் கையால் நெய்தால்தான் அது ஹாரிஸ் ட்வீட். சிலுவை வைத்த உருண்டை முத்திரை இருக்க வேண்டும். என் அலமாரியிலும் ஒரு வெயிஸ்ட்கோட் தூங்குகிறது. 'ஹாரிஸ் பாணி' என்பதில் 'பாணி' மட்டும் எறும்பு சைஸில் அச்சாகியிருந்தது.

கே: மதியக் கல்யாணத்துக்கு பிரின்ஸ் சார்லி போடலாமா? (பெர்த்)

ப: முறைப்படி அது மாலை உடை, பகலுக்கு ஆர்கைல். மாப்பிள்ளையே பிரின்ஸ் சார்லி போடுகிறார் என்றால் நீங்களும் போடுங்கள்.