கார்பன் கட்டி உடையவில்லையா? ரோட்டர் நுனியைப் பாருங்கள்

சேலத்தில் 35 லிட்டர் நீடர் (ரப்பரோடு கார்பன் கரித்தூளைப் பிசையும் இயந்திரம்) ஓட்டுவதாகவும், எவ்வளவு நேரம் பிசைந்தாலும் ஷீட்டை வெட்டினால் கார்பன் புள்ளி தெரிவதாகவும் கேட்டிருந்தீர்கள். நேரத்தைக் கூட்டாதீர்கள் சார், சூடுதான் ஏறும். ரப்பர் இளகிவிட்டால் கட்டி உடையாது, சும்மா சுற்றி வரும்.

கட்டியை உடைப்பது, தொட்டிக்குள் சுழலும் ரோட்டர் இறக்கையின் நுனிக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் உள்ள குறுகிய சந்து. இறக்கையின் சாய்வுக்கு வேறு வேலை: சரக்கை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிக் கலப்பது. நுனி தேய்ந்து சந்து அகன்றால், கார்பன் பரவும், ஆனால் உடையாது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள்.

அப்புறம், எண்ணெயைக் கார்பனோடு சேர்த்தே கொட்டுகிறீர்களா? எண்ணெயும் ரப்பரை இளக்கிவிடும்; கார்பன் பெரும்பாலும் ரப்பரில் ஏறிய பிறகு ஊற்றுங்கள். சேலத்து மே மாதத்தில் கூலிங் தண்ணீரே வெந்நீர். எங்கள் பட்டறையில் விடிகாலை பேட்ச் மட்டும் நன்றாக வந்தது அதனால்தான்.