அவுட் ஆனால் மட்டையை வீசும் பையன்

வணக்கம் அம்மா. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவாகிவிடும். ஏழு வயது மகன் ஆயாவிடம் இருக்கிறான். தெருவில் விளையாடும்போது அவுட் ஆனால் மட்டையை வீசிவிட்டு வந்துவிடுகிறான். இப்போது யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. வீட்டில் அவன் கையிலிருந்து செல்போனை வாங்கினால் கத்தி, உதைத்து, ஆயாவிடமிருந்து திரும்ப வாங்கிவிடுகிறான். நான் வேலைக்குப் போவதுதான் காரணமா? பர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்பில் சேர்க்கட்டுமா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

வேலைக்குப் போவதைக் குற்றமாக நினைக்காதீர்கள். வகுப்புக்கும் இப்போது பணம் கட்ட வேண்டாம். செல்போன் சண்டையைச் சரிசெய்தால் தெருச் சண்டையும் பாதி குறையும்.

கத்தினால் கிடைக்கும் என்று அவனுக்குப் பதிகிறது. கொடுத்தால் சத்தம் அடங்கும் என்று ஆயாவுக்கும் பதிகிறது. ஜெரால்டு பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-இல் வந்த தன் நூலில் விளக்கியது இந்தச் சுழலைத்தான். வீட்டில் பலிக்கிற இந்த வித்தையைப் பிள்ளை தெருவுக்கும் எடுத்துப்போகிறது. அங்கே யாரும் பணிய மாட்டார்கள், ஒதுக்கிவிடுவார்கள்.

போனைக் கொடுக்கும் முன்பே எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருமுறை நினைவுபடுத்துங்கள். பிடுங்காதீர்கள், அவன் கையாலேயே அலமாரியில் வைக்கட்டும். முதல் சில நாள் கத்தல் கூடும். பெரும்பாலானவர்கள் இறங்கிவருவது அங்கேதான். அரைமணி நேரம் கத்திய பிறகு கொடுத்தால், அடுத்த முறை அரைமணி நேரம் கத்துவான். உறுதியாக நிற்க முடியாத நாளில், கேட்டவுடனேயே கொடுத்துவிடுவது மேல்.

கத்தும்போது புத்தி சொன்னால் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்து, "கோவமா இருக்கா? இருக்கட்டும். ஆனா ஆயாவை உதைக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லுங்கள். மூச்சு சீரான பிறகு பேசலாம்.

தோற்கவும் பழக்க வேண்டும். இரவில் பத்து நிமிடம் பரமபதம் ஆடுங்கள். எப்போதும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் காயைப் பாம்பு விழுங்கினால், "சே, போச்சே! சரி, அடுத்த ஆட்டத்துல பாத்துக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தோற்றவர் என்ன பேசுவார் என்று அவன் கேட்க வேண்டும். பிறகு தெருப் பிள்ளைகளில் ஒருவனை மட்டும் வீட்டுக்கு அழையுங்கள். கும்பலோடு சேர்வதைவிட ஒருவனோடு பழம் விடுவது சுலபம்.

களைத்து வரும் நீங்களும் சில நாள் கத்துவீர்கள். எட்வர்ட் ட்ரோனிக் தாயையும் சேயையும் கவனித்து ஆராய்ந்தவர். நன்றாக ஒட்டியிருக்கும் தாயும் குழந்தையும்கூட ஏறக்குறைய 30 சதவீத நேரமே இசைந்து இருக்கிறார்கள் என்று கண்டார். பிசகிய பின் மறுபடி சேர்வதில்தான் குழந்தை தேறுகிறது. ஆகவே அன்று இரவே நீங்களே முதலில் போங்கள்: "அம்மா கத்தினது தப்பு. ஆனா போன் நேரம் அதேதான்." சமாதானத்துக்குத் தின்பண்டம் வேண்டாம்.

தன்னைத்தானே அடித்துக்கொண்டாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ காத்திருக்காதீர்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவில் குழந்தைகளுக்கும் பார்க்கிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இலவசமாகப் பேசலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆயாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். பகல் முழுக்க அவன் கத்தலைத் தாங்கப்போகிறவர் அவர்தான். அவர் சரி என்ற பிறகு ஆரம்பியுங்கள்.

அன்புடன்.