வண்டியை எங்கே விடுவது?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "பக்கத்து நகரத்துக்குப் பாதி தூரம் காரிலும் மீதி ரயிலிலுமாகப் போய்வருகிறேன்." அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: பக்கத்து நகரம் எங்கள் வீட்டிலிருந்து 65 கிலோமீட்டர். மாதம் இரண்டு தடவை நானும் கணவரும் போகவேண்டியிருக்கிறது. வழியில் ஒரு ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ரயில் ஏறலாம் என்கிறேன் நான். "மாறி மாறி ஏறி இறங்குவதற்கு நேராகவே ஓட்டிவிடலாம்" என்கிறார் அவர். யார் சொல்வது சரி?

இதே வழக்கு எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக நடக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை, வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

என் காரின் டாஷ்போர்டுக்குள் ஒரு சின்ன நோட்டு கிடக்கும். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். நேராக ஓட்டிப்போன நாட்களை ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். முதல் 50 கிலோமீட்டருக்கு எப்போது போனாலும் 55 நிமிஷம்தான், ஐந்து நிமிஷம் முன்னே பின்னே. கடைசி 14 கிலோமீட்டருக்கு ஒருநாள் 35 நிமிஷம், இன்னொரு நாள் ஒரு மணி நாற்பது நிமிஷம். ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றால் எத்தனை மணிக்குக் கிளம்புவது? மோசமான நாளை மனதில் வைத்துத்தானே கிளம்ப முடியும்? சாலை காலியாக இருந்த நாட்களில் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் வரவேற்பறையில் பழைய காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இதற்குக் காரணம் உண்டு. தடையில்லாத சாலையில் ஒரு தடத்தில் (லேன்) மணிக்குச் சுமார் 2,000 கார்கள்தான் போக முடியும். அதற்கு மேல் கார்கள் சேரச் சேர வேகம் குறைகிறது. ஓர் அளவுக்கு மேல் நெருக்கிவிட்டால், முன்பு போய்க்கொண்டிருந்த 2,000கூடப் போகாது. கூடுதலாக நுழையும் கொஞ்சம் கார்களே எல்லாரையும் நிறுத்திவிடும். ரயிலுக்குத் தனித் தண்டவாளம். உங்கள் காருக்கு முன்னால் யார் குறுக்கே வந்தாலும் அதற்குக் கவலையில்லை.

போய்ச் சேர்ந்த பிறகு நிறுத்த இடம் தேடுவது தனிக் கதை. டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் லாஸ் ஏஞ்சலஸில் வெஸ்ட்வுட் வில்லேஜ் என்ற சின்ன வட்டாரத்தில் இதை அளந்து பார்த்தார். ஒரு காருக்குச் சராசரியாக மூன்றே சொச்சம் நிமிஷம், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான சுற்று. இவ்வளவுதானா என்று தோன்றும். அத்தனை கார்களுக்கும் சேர்த்து ஒரு வருஷத்துக்குக் கூட்டினால் 15 லட்சம் கிலோமீட்டர் வந்தது, வெறும் இடம் தேடியதற்கு மட்டும்!

ஆகவே முதல் 50 கிலோமீட்டர் உங்கள் கணவருக்கு, கடைசி 15 உங்களுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த சண்டை எந்த ஸ்டேஷனில் விடுவது என்பதில் வரும். நகரத்துக்கு ஆக அருகில் இருக்கும் ஸ்டேஷனைத்தான் எல்லாரும் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் முதல் வருஷம் அதைத்தான் செய்தேன். அந்த ஸ்டேஷனுக்குப் போவதற்குள்ளேயே நெரிசலில் பாதியைப் பார்த்துவிடுவோம். காலை எட்டரைக்குப் பார்க்கிங்கும் நிரம்பியிருக்கும். வண்டிகள் நிற்க ஆரம்பிக்கும் இடம் எது என்று இரண்டு நாள் கவனித்துவிட்டு, அதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிக்கொள்ளுங்கள். ரயில் புறப்படும் முதல் ஸ்டேஷனாக அது அமைந்தால் அதிர்ஷ்டம், உட்கார இடம் கிடைக்கும்.

தூரத்தைவிட முக்கியம், எத்தனை நிமிஷத்துக்கு ஒரு ரயில் என்பது. பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்றால் அட்டவணை பார்க்காமல் போய் நிற்கலாம், சராசரியாக ஐந்து நிமிஷம் காத்திருப்பு. அரைமணிக்கு ஒன்று என்றால் பார்க்கிங்கில் நாலு நிமிஷம் வீணாவதில் ஒரு ரயில் போய்விடும். பிளாட்பாரத்தில் நிற்கும் ஒரு நிமிஷம், ஓடும் ரயிலில் இருக்கும் இரண்டு நிமிஷம் போலத் தோன்றும் என்பது போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்களின் பழைய கணக்கு. நின்று பார்த்தவர்களுக்குக் கணக்கு வேண்டாம்.

எத்தனை பேர் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். டிக்கெட் தலைக்கு ஒன்று, பெட்ரோலும் பார்க்கிங்கும் வண்டிக்கு ஒன்று. தனியாகப் போனால் ரயில் மலிவு. நாலு பேர் சேர்ந்தால் பெரும்பாலும் கார்தான் ஜெயிக்கும். நீங்கள் இரண்டு பேர், அதாவது நடுவில். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போவது சரி. இரவு திரும்பும்போது?

யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். இடத்தைத் தேர்ந்தெடுப்பதே திரும்பும் நேரத்தை வைத்துத்தான்.

ஒருமுறை ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுக் கடைசி ரயிலில் வந்து இறங்கினோம். மணி 11.10. வெளியே வந்தால் பார்க்கிங் கேட்டில் பூட்டு. பத்தரைக்கு மூடிவிடுவார்களாம். அந்த அறிவிப்புப் பலகை ஒரு மரக்கிளைக்குப் பின்னால் இருந்தது. காலையில் என் கண்ணில் படவில்லை. கம்பிகளுக்கு நடுவே பார்த்தால் எங்கள் கார் தெரிகிறது. முப்பது அடி தூரம்கூட இருக்காது, பக்கத்துக் கார்கள் எல்லாம் போய்விட, அது மட்டும் விளக்குக் கம்பத்தின் கீழே தனியாக நிற்கிறது. காவலாளி நல்ல மனிதர், ஆனால் சாவி அவரிடம் இல்லை. பட்டுப்புடவையோடு காலை ஐந்து மணிவரை பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் அந்த இரவில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். அதை இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்து நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு நேரங்கள் எழுதிவைத்திருக்கிறேன்: கடைசி ரயில், கேட் மூடும் நேரம். எது முந்தியோ அதுதான் எனக்குக் கடைசி. கடைசிக்கு முந்தைய ரயிலில் ஏறிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கு அட்டவணை மாறும், அதையும் பாருங்கள்.

கேள்வி: நாள் முழுக்கக் காரை விட்டுப்போகும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

ஹெட்லைட். மழை நாளில் போட்டுக்கொண்டு வந்து, அவசரத்தில் அணைக்காமல் ஓடியிருக்கிறேன். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சின்னக் காரின் 40, 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து மணி நேரத்துக்குள் படுத்துவிடும். சாயங்காலம் வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புதிய வண்டிகள் கத்திக் காட்டிக்கொடுக்கும். என்னுடையது மௌனமாக இருக்கும் ரகம். ஜம்பர் கேபிள் அன்றைக்குத்தான் வாங்கினேன்.

வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், ஒரு மணி நேரத்தில் இருபதுக்கு மேலும் போகும். மாத்திரை, இன்சுலின், பவர் பேங்க், சிகரெட் லைட்டர் எதையும் உள்ளே வைக்காதீர்கள். குழந்தையை 'ரெண்டே நிமிஷம்' என்றும் விடாதீர்கள். அடுக்குமாடிப் பார்க்கிங் என்றால் தூண் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேறு ஒருவருடைய வெள்ளைக் காரைப் பத்து நிமிஷம் திறக்க முயன்றிருக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது, முழங்கால் வலி. அவரை இப்படி அழைத்துப்போகலாமா?

லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்பதோடு விடாமல், இன்று ஓடுகிறதா என்று கேளுங்கள். நகரத்தில் இறங்கும் ஸ்டேஷனிலும் கேளுங்கள். ஏறுவதற்கு மட்டும் எஸ்கலேட்டர் வைத்துவிட்டு இறங்குவதற்குப் படி என்று விட்டிருப்பார்கள். வலிக்கிற முழங்காலுக்குப் படி இறங்குவதுதான் அதிகம் படுத்தும். அவரை வாசலில் இறக்கி உட்காரவைத்துவிட்டு நீங்கள் போய் வண்டியை நிறுத்துங்கள். ஒரே ரயில் என்றால் சரி. நடுவில் இன்னொரு ரயில் மாற வேண்டும் என்றால் விடுங்கள், நேராக ஓட்டிப்போங்கள். கடிதம் எழுதிய முதல் வாசகியின் கணவருக்கு இது ஓர் ஆறுதல்.

கேள்வி: இந்த யோசனையை யார் கண்டுபிடித்தார்கள்?

இன்னார் என்று ஒருவரைச் சொல்ல முடியாது. நகர எல்லையில் காரை விட்டுப் பஸ்ஸில் போகும் நிரந்தர ஏற்பாட்டுக்கு முன்னோடியாக இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டைச் சொல்வார்கள். 1973-லிருந்து நடக்கிறது. 1975-ல் சிங்கப்பூர் நகர மையத்தில் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வைத்து, எல்லைக்கு வெளியே பெரிய பார்க்கிங்குகளையும் இணைப்புப் பஸ்களையும் ஏற்பாடு செய்தது. கார்கள் உள்ளே நுழைவது குறைந்தது. ஆனால் அந்தப் பார்க்கிங்குகள் காலியாகக் கிடந்தன. ஜனங்கள் சேர்ந்து ஒரே காரில் வந்தார்கள், நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், வீட்டுப் பக்கத்திலேயே பஸ் ஏறினார்கள். எல்லைக்கு வந்து மாற மட்டும் மனம் வரவில்லை.

கேள்வி: ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான். அதற்கும் கார் எடுக்கலாமா? சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறீர்களே!

நல்லது என்று நான் எங்கேயும் எழுதவில்லை, தேடிப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் சில நிமிஷங்களில்தான் அதிகம் குடித்து அதிகம் புகையும். சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் வினையூக்கி சூடேறாமல் வேலை செய்யாது, அது சூடாவதற்குள் நீங்கள் ஸ்டேஷனில் இருப்பீர்கள். பேட்டரியும் சரியாக சார்ஜ் ஆகாது. ஆக்ஸ்ஃபோர்டிலும் இங்கிலாந்தின் இன்னொரு நகரமான யார்க்கிலும் 1990களில் ஆராய்ந்தபோது, முன்பு வீட்டுப் பக்கத்தில் பஸ் ஏறியவர்களில் சிலர் இந்தப் பார்க்கிங் வந்த பிறகு பார்க்கிங்வரை காரில் வர ஆரம்பித்திருந்தார்கள்.

ஒன்றரைக் கிலோமீட்டர் என்றால் இருபது நிமிஷ நடை. குடை எடுத்துக்கொள்ளுங்கள்.