ஜாஸ் ரசிகர்கள் கூடினால் பேஸ்பால் பேச்சு ஏன் வந்துவிடுகிறது?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கிறார் போலிருக்கிறது. ஜாஸ் கேட்கலாம் என்று போன இடத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் பாதி நேரம் பேஸ்பால் பேசினார்களாம். மீதி நேரம் மழை, கறி, கார் விலை. இசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், இல்லை நான்தான் தப்பான மேசையில் உட்கார்ந்துவிட்டேனா என்று கேட்கிறார்.

சரியான மேசைதான். நானும் அப்படி ஒரு மேசையில் பல வருடமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.

2013 இலிருந்து கன்சாஸ் சிட்டியில் இருக்கிறேன். மிசூரி மாநிலத்தில் இருக்கிற கன்சாஸ் சிட்டி. எல்லையைத் தாண்டினால் கன்சாஸ் மாநிலத்திலும் அதே பெயரில் ஒரு ஊர் உண்டு, அதனால் வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் இதை விளக்க வேண்டியிருக்கிறது. ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் பிறந்தது அந்தப் பக்கம், வளர்ந்தது இந்தப் பக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை.

எங்கள் மேசையில் நான்கு பேர். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், வயது எழுபதுக்கு மேல். பள்ளியில் பேண்ட் வாத்தியம் கற்றுக்கொடுத்த டீச்சரம்மா. பகலில் குழாய் வேலை, ராத்திரியில் டிரம்ஸ் என்று இருக்கும் ஒருவர், தான் வாசிக்காத நாளில் எங்களோடு உட்காருவார். அப்புறம் நான். முதல் தடவை போனபோது சாக்ஸபோன் முடிந்து பேஸ் (தாழ்ந்த சுரம் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) தனியாக வாசிக்கும் சோலோ ஆரம்பித்தது. நான் சபா வழக்கப்படி கண்ணை மூடித் தலையாட்டத் தயாரானேன். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த தபால்காரர் என் பக்கம் சாய்ந்து, "நேற்று மேட்ச் பார்த்தாயா?" என்றார். பேஸ் சோலோ வந்தால் பேசலாம் என்பது ஜாஸ் உலகத்தின் பழைய ஜோக். தனி ஆவர்த்தனம் வந்தால் கேன்டீனுக்கு எழுந்து போகிறோமே, அதே கதை. பேஸ் வாத்தியத்துக்கும் பேஸ்பாலில் ஓடித் தொடும் இடமான பேஸுக்கும் ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பு என்பதால், "பேஸ் வரும்போது பேஸைப் பற்றித்தானே பேச வேண்டும்?" என்று நியாயம் வேறு சொல்வார்.

இது வெறும் பழக்கதோஷம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஜாஸ் என்ற சொல்லே முதலில் அச்சேறியது பேஸ்பால் செய்திகளில்தான் என்று. அச்சில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பயன்பாடுகளில் ஒன்று 1912 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் வந்தது. போர்ட்லாந்து அணியின் பிட்சர் (பந்து போடுபவர்) பென் ஹெண்டர்சன், தான் புதிதாகப் போடப்போகும் வளைபந்துக்கு ஜாஸ் பால் என்று பெயர் வைத்திருந்தார். தள்ளாடிக்கொண்டு போகும், அடிக்க முடியாது என்பது அவர் கணக்கு. அடுத்த வருடம் சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணி பாய்ஸ் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பயிற்சி எடுத்தபோது, கூடவே போன ஒரு பத்திரிகைக்காரர் துடிப்பு, முறுக்கு என்ற பொருளில் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினார். 1915 வாக்கில் சிகாகோவில்தான் அது இசைக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. இதைச் சொன்னால் டீச்சரம்மாவுக்கு மூக்கு சிவந்துவிடும். "பெயர் எங்கிருந்து வந்தால் என்ன, இசை நியூ ஆர்லியன்ஸிலிருந்துதான் வந்தது" என்பார். அதுவும் சரிதான்.

எங்கள் ஊரில் இந்த இரண்டும் ஒரே தெருவில் வளர்ந்தவை. பதினெட்டாம் தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் நீக்ரோ லீக் பேஸ்பால் அருங்காட்சியகம், மறுபக்கம் அமெரிக்க ஜாஸ் அருங்காட்சியகம். இரண்டும் 1997 முதல் அங்கே ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. கறுப்பின வீரர்களை வெள்ளையர் லீகுகளில் சேர்க்காத காலத்தில், 1920 பிப்ரவரியில், சிகாகோ அணி உரிமையாளர் ரூப் ஃபாஸ்டர் மற்ற அணி உரிமையாளர்களைக் கூட்டி நீக்ரோ தேசிய லீகைத் தொடங்கியது அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பசேயோ ஒய்எம்சிஏவில். சார்லி பார்க்கர் பிறந்ததும் அதே 1920 ஆகஸ்டில்.

வெள்ளையர் ஹோட்டல்களில் அறை கிடையாது. ஆகவே வெளியூரிலிருந்து வரும் கறுப்பின வீரர்கள், வாசிக்க வரும் பேண்ட்காரர்கள், எல்லாரும் வந்து விழுந்தது அந்த நாலைந்து தெருக்களுக்குள்தான். ஒரே ஹோட்டல், ஒரே சாப்பாட்டுக்கடை, ஒரே முடிவெட்டும் கடை. ராத்திரி வாசித்துவிட்டு வருகிறவரும் மறுநாள் மதியம் ஆடப்போகிறவரும் ஒரே மேசையில் காலைச் சாப்பாடு சாப்பிட்டால் வேறு எதைப் பேசுவார்கள்? மதுவிலக்குக் காலத்திலும் இந்த ஊரில் பார்கள் விடிய விடியத் திறந்திருந்தன. பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் தாதா கையில் ஊர் இருந்ததுதான் காரணம். இசைக்காரர்களுக்கு வேலை இருந்தது, வீரர்களுக்குப் போக இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் கறுப்பின அணியான கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் ஆடினால், சர்ச்சில் பூசையை ஒரு மணி நேரம் முன்னதாகவே வைத்துவிடுவார்களாம். முடிந்ததும் அதே நல்ல உடுப்போடு, தொப்பியோடு, மைதானத்துக்கு நடப்பார்கள். ஜாக்கி ராபின்சன் 1947 இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடி, வெள்ளையர் லீகின் நிறத்தடையை உடைத்து வரலாறு படைப்பதற்கு இரண்டு வருடம் முன்பு இந்த மோனார்க்ஸில்தான் ஆடினார். டாட்ஜர்ஸுக்குப் போனபின் அவர் அடித்த அடியைப் பார்த்தாயா என்று 1949 இல் ஒரு பாட்டே வந்தது. அதைப் பதிவு செய்தவர்களில் ஒருவர் கவுண்ட் பேசி என்ற பியானோக்காரர், இந்த ஊரில் பேண்ட் நடத்தி மேலே வந்தவர்.

அந்த ஜாஸ் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கரின் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் சாக்ஸபோன் இருக்கிறது. ஆமாம், பிளாஸ்டிக். 1953 இல் டொராண்டோ மாஸி ஹாலில் அவர் வாசித்தது அதைத்தான். 1994 இல் ஏலத்துக்கு வந்தபோது ஊர் சார்பில் வாங்கிவந்தார்கள். முதல் தடவை பார்த்தபோது பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் போல இருந்தது. பக்கத்தில் நின்ற தபால்காரர் சொன்னார்: "மட்டை எதில் செய்தது என்பதா முக்கியம்?"

சரி, வரலாறு இருக்கட்டும். இன்றைக்கும் ஏன் பேசுகிறார்கள்? என் கருத்தைச் சொல்கிறேன். இரண்டிலும் தெரிந்ததையே மறுபடி பார்க்கிற சுகம் இருக்கிறது. ஒரு சீசனுக்கு ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆடுகிறது. அதே மைதானம், அதே ஒன்பது பேர். ஜாஸிலும் அதே முப்பத்திரண்டு பார் (தாளச் சுற்று) பாட்டைத்தான் ஆயிரம் பேர் வாசித்திருக்கிறார்கள். ஆகவே என்ன நடந்தது என்பதைவிட, போன தடவைக்கு இந்தத் தடவை எப்படி மாறியது என்பதுதான் பேச்சு. அதற்கு ஞாபகம் வேண்டும், ஞாபகத்தைச் சரிபார்க்க இன்னொரு ஆள் வேண்டும். அப்புறம் இரண்டிலும் இடைவெளி ஏராளம். அந்த இடைவெளியில் பேசாமல் என்ன செய்வது?

இதைப் புரியவைத்தது ஒரு பென்சில். தபால்காரர் என்னை மைதானத்துக்கு அழைத்துப்போய் ஸ்கோர் அட்டை நிரப்பக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இப்படியே வலது ஓரம் 9 வரை. பந்து இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட் ஸ்டாப்பிடம் (6) போய், அவர் இரண்டாம் பேஸுக்கு (4) எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் (3) போய் இரண்டு பேர் அவுட்டானால் 6-4-3 என்று எழுத வேண்டும். மட்டையை வீசித் தவறவிட்டு மூன்றாவது ஸ்டிரைக்கில் அவுட்டானால் ஆங்கில கே. வீசாமல் நின்று பார்த்தபடி போனால் அதே எழுத்தை இடவலம் மாற்றி, கண்ணாடியில் பார்த்த மாதிரி எழுத வேண்டும். நான் இரண்டாவது இன்னிங்ஸிலேயே குழம்பிக் கிழித்துவிட்டேன். அவருடைய அட்டையோ கச்சிதமான சுரக் குறிப்பு மாதிரி இருந்தது. அன்று ராத்திரி வீட்டில் அதைப் பார்த்தே ஒன்பது இன்னிங்ஸையும் மனைவிக்கு ஒப்பித்தாராம். அந்தம்மா ஐம்பது வருடமாகக் கேட்கிறார்.

சண்டைகளும் ஒரே சாயலில்தான் இருக்கும். 2023 இல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 நொடிக்குள் பந்தைப் போட வேண்டும். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் முந்தின வருடம் சராசரியாக மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடியது, அந்த வருடம் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. தபால்காரர் கொதித்துப்போனார். மெதுவான பாட்டு வாசிக்கிறவன் தலைக்கு மேலே எவனாவது கடிகாரம் மாட்டுவானா என்றார். டீச்சரம்மா நிதானமாகக் கேட்டார்: "பழைய 78 இசைத்தட்டில் எத்தனை நிமிடம் கொள்ளும்?" மூன்று நிமிடம் சொச்சம். 1936 இல் சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங் முதன்முதலாகப் பதிவு செய்ததும் அந்த மூன்று நிமிடத்துக்குள்தான். அந்த சோலோவை இன்றும் பிள்ளைகள் ஒவ்வொரு சுரமாக மனப்பாடம் செய்கிறார்கள். தபால்காரரிடம் அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாதபோது அவர் சாப்பாட்டுக்குத் தாவிவிடுவார்.

ஆர்தர் பிரையன்ட்ஸா கேட்ஸா என்பது இந்த ஊரில் தீராத வழக்கு. இரண்டும் பார்பிக்யூ கடைகள். எங்கள் மேசையில் 2-1. ஒருவர் சாஸில் வினிகர் தூக்கலாக இருக்க வேண்டும் என்பார், இன்னொருவர் அது சாஸே இல்லை என்பார். நான் சைவம் என்பதால் என் ஓட்டு செல்லாது. வேறொரு கடையில், பெயர் வேண்டாம், இரண்டு வருடம் அவரைக்காய் விதை மாதிரியான பீன்ஸை மட்டும் ஆசையாகச் சாப்பிட்டுவந்தேன். அதில் கறித் துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்கள் என்பதை மூன்றாவது வருடம்தான் ஒருவர் சொன்னார். அதுவரை இவர்கள் மூன்று பேரும் வாயே திறக்கவில்லை. சொன்னால் நான் பட்டினி கிடப்பேன் என்று விட்டுவிட்டார்களாம்!

எல்லாச் சண்டையும் இப்படிச் சிரிப்பில் முடியாது. 2024 மே மாதம் நீக்ரோ லீக் கணக்குகளையும் மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) பதிவேட்டில் சேர்த்தார்கள். வாழ்நாள் பேட்டிங் சராசரியில் பழைய வெள்ளை வீரர் டை காப் கீழே இறங்கி, நீக்ரோ லீக் வீரர் ஜாஷ் கிப்சன் .372 (ஆயிரம் முயற்சிக்கு 372 வெற்றி அடி) உடன் முதலிடத்துக்கு வந்தார். குறைந்த ஆட்டங்களின் கணக்கு அது, ஒப்பிட முடியுமா என்று டிரம்ஸ்காரர் கேட்டார். தபால்காரர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "குறைந்த ஆட்டம் ஆடியது அவர் விருப்பமா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய அப்பா மோனார்க்ஸ் ஆட்டங்களைப் பார்த்தவர். அன்று யாரும் சாப்பாட்டுக்குத் தாவவில்லை.

கடைசியாக ஒன்று. 2015 அக்டோபர் 27, வேர்ல்ட் சீரீஸ் என்ற இறுதிப் போட்டித் தொடரின் முதல் ஆட்டம், எங்கள் ராயல்ஸ் அணியும் நியூயார்க் மெட்ஸும். அன்று நம் டிரம்ஸ்காரருக்கு ஒரு சின்ன பாரில் கச்சேரி. வாசிக்கும் இடத்துக்கு நேர் எதிரே, பாட்டில்களுக்கு மேலே, ஒலி நிறுத்திய டிவி. மணி பத்தைத் தாண்டியிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ், ராயல்ஸ் ஒரு ஓட்டம் பின்தங்கி இருக்கிறது, பந்து போடுவது மெட்ஸின் ஜூரிஸ் ஃபமிலியா. மேடையில் பாட்டுக்காரம்மா கண்ணை மூடி ஒரு காதல் பாட்டை இழைத்துக்கொண்டிருக்கிறார். டிரம்ஸ்காரர் பிரஷ்ஷால் தோலைத் தடவிக்கொண்டே கண்ணை டிவியில் வைத்திருக்கிறார். எங்கள் அலெக்ஸ் கார்டன் அடித்த பந்து நடு மைதானத்துக்கு மேலே பறந்து சுவரைத் தாண்டியது. ஆட்டம் சமம். அடுத்த கணம் பேஸ் டிரம்மில் ஒரு இடி. பாட்டுக்காரம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார், பார் முழுக்க எழுந்து கத்தியது. பாட்டு எந்த வரியில் நின்றது என்று யாருக்கும் நினைவில்லை.

ஆட்டம் 14 இன்னிங்ஸ் போனது, ஐந்து மணி நேரத்துக்கு மேல். எட்டாவதில் பந்தைத் தவறவிட்டு மெட்ஸுக்கு ஓட்டம் கொடுத்த அதே எரிக் ஹாஸ்மர்தான் கடைசியில் தூக்கி அடித்து வெற்றி ஓட்டத்தைக் கொண்டுவந்தார். கச்சேரி எப்போதோ முடிந்திருந்தது, வாசித்தவர்கள் வாத்தியத்தைப் பெட்டியில் வைக்காமலேயே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை டீச்சரம்மா டிரம்ஸ்காரருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியை அவர் இன்றுவரை அழிக்கவில்லை: "கார்டன் சரியான நேரத்தில் அடித்தார். நீ அரைத் தாளம் தாமதம்."