நாட்டைவிட்டு வெளியேறி எழுதியவர்களில் உங்களை அதிகம் உலுக்கியவர் யார்?

கியூபாவின் ரெய்னால்டோ அரேனாஸ். அவர் பேச்சை எடுத்தாலே சிறை, எய்ட்ஸ், தற்கொலை என்று மூன்றையும் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது வேறொரு காரணத்தால். எழுதியதைப் பறிகொடுத்தபோதெல்லாம் மறுபடி உட்கார்ந்து முதல் வரியிலிருந்து எழுதியவர் அவர்.

1943இல் கிழக்குக் கியூபாவில், ஒல்கீன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா கைவிட்டுப் போய்விட்டார். தாத்தா, பாட்டி, சித்திமார் நிறைந்த ஏழைக் குடியானவர் வீட்டில் வளர்ந்தார். சின்ன வயதில் மண்ணைத் தின்றதாக எழுதுகிறார். 1958இல், சர்வாதிகாரி பட்டிஸ்டாவின் ஆட்சியை எதிர்த்த காஸ்ட்ரோவின் கிளர்ச்சிப் படையோடு போய்ச் சேர்ந்தபோது வயது பதினைந்து. புரட்சி வென்றதும் அவரைப் படிக்க வைத்தது புதிய அரசுதான். சொத்து பறிபோன கோபத்தில் கியூபாவைத் திட்டிய பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல அவர். இது தெரியாமல் அவரைப் படித்தால் அந்தக் கோபம் புரியாது.

ஹவானாவில் தேசிய நூலகம் கதை சொல்லிகளைத் தேடி ஒரு போட்டி வைத்தது. யாராவது எழுதிய கதையை மனப்பாடம் செய்து சொல்ல வேண்டும். பிடித்த கதை கிடைக்காததால் இவரே ஒன்றை எழுதிச் சொன்னார். நூலகத்தில் வேலை கிடைத்தது. புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து முதல் நாவலை எழுதினார். ‘செலஸ்டினோ ஆன்டெஸ் தெல் ஆல்பா’ 1967இல் வந்தது. அதில் வரும் சிறுவன் மரப்பட்டைகளிலும் இலைகளிலும் கவிதை எழுதுகிறான். தாத்தா கோடரியை எடுத்துக்கொண்டு அவன் எழுதிய மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்க்கிறார். ஓரிடத்தில் ‘கோடரிகள்’ என்ற ஒரே சொல் விடாமல் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். படிக்கும்போது வெட்டு விழும் சத்தம் காதில் கேட்கும்.

கியூபாவுக்குள் அச்சான அவருடைய ஒரே நாவல் அதுதான். அடுத்த நாவல் ‘எல் முண்டோ அலுசினான்டே’, திரும்பத் திரும்பச் சிறைப்பட்டுத் தப்பி ஓடிய மெக்சிகோப் பாதிரியார் செர்வாண்டோ தெரேசா தே மியரின் கதை. எழுத்தாளர் சங்கப் போட்டியில் அதற்குப் பாராட்டு கிடைத்தது. வெளியிட மட்டும் அனுமதியில்லை. பாரிசில் வாழ்ந்த ஓவியர் ஹோர்ஹே கமாச்சோவும் அவர் மனைவியும் கைப்பிரதியை ரகசியமாக வெளியே கொண்டுபோனார்கள். 1968இல் பிரெஞ்சில் வந்துவிட்டது. அனுமதியில்லாமல் வெளிநாட்டில் புத்தகம் போட்டதுதான் அரசின் கண்ணில் அவர் செய்த முதல் பெரிய குற்றம்.

தன்பாலீர்ப்பாளர் என்பது இரண்டாவது. 1965 முதல் 1968 வரை கமாகுவே பகுதியில் ‘உற்பத்திக்கு உதவும் ராணுவப் பிரிவுகள்’ என்ற பெயரில் கட்டாய உழைப்பு முகாம்கள் நடந்தன. தன்பாலீர்ப்பாளர்கள், மதப் பற்றாளர்கள், அரசுக்குப் பிடிக்காத இளைஞர்கள் என்று பலரும் அங்கே அடைக்கப்பட்டார்கள். 1970இல் ஒரு கோடி டன் சர்க்கரை எடுத்தே தீருவோம் என்று காஸ்ட்ரோ சூளுரைத்தபோது அரேனாஸையும் கரும்பு வெட்ட அனுப்பினார்கள். கடைசியில் கிடைத்தது சுமார் 85 லட்சம் டன். அந்தத் தோட்டத்தில் பிறந்தது ‘எல் சென்ட்ரால்’ என்ற நெடுங்கவிதை.

1973இல் கடற்கரையில் நடந்த ஒரு தகராறைச் சாக்காக வைத்துக் கைது செய்தார்கள். காவல் நிலையத்திலிருந்து தப்பிவிட்டார். ஹவானாவுக்கு வெளியே லெனின் பூங்காவில் ஒளிந்து கிடந்தார். கையில் ஹோமரின் ‘இலியட்’ காவியம். விளக்கு இல்லாததால் பொழுது சாய்வதற்குள் எழுதியாக வேண்டும். சுயசரிதையின் முதல் வரிகளை எழுதியதும் அங்கேதான். தலைப்பும் அதிலிருந்தே வந்தது: ‘ஆன்டெஸ் கே அனோசெஸ்கா’, அதாவது இருட்டுவதற்கு முன்.

மறுபடி பிடிபட்டு எல் மோரோ கோட்டைச் சிறைக்குப் போனார். கொலைகாரர்கள் நடுவே எப்படிப் பிழைத்தார் தெரியுமா? கைதிகளின் மனைவிகளுக்கும் காதலிகளுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த வேலையில் சேர்ந்த தாளில் தனக்கும் எழுதிக்கொண்டார். பாதுகாப்புத் துறையின் கெடுபிடியில் தன் எழுத்தையே மறுதலித்துக் கையெழுத்துப் போட நேர்ந்தது. அதை அவர் மறைக்கவில்லை. அந்தப் பக்கங்கள் சுயசரிதையில் இருக்கின்றன. 1976இல் வெளியே வந்தார்.

இனி, நான் முதலில் சொன்ன விஷயம். ‘ஓத்ரா வெஸ் எல் மார்’ நாவலின் முதல் பிரதியை நண்பரிடம் பத்திரமாகக் கொடுத்து வைத்தார். அது திரும்பி வரவில்லை. முழுசாக மறுபடி எழுதினார். இரண்டாவது பிரதியை வீட்டுக் கூரையில் ஒளித்தார்; சிறையிலிருந்து வந்து பார்த்தால் அதுவும் இல்லை. மூன்றாம் முறை எழுதி வெளிநாட்டுக்குக் கடத்தினார். புத்தகமாக வந்தது 1982இல்தான். கதை என்று பார்த்தால் சின்னது. ஒரு தம்பதி ஆறு நாள் கடற்கரையில் தங்கிவிட்டுக் காரில் ஹவானா திரும்புகிறார்கள். முதல் பாதி மனைவியின் குரல், மறுபாதி கணவன் எக்தோரின் ஆறு பாடல்கள். முடிவைச் சொல்ல மாட்டேன், படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று முறை எழுதிய களைப்பு ஒரு பக்கத்தில்கூட இல்லை, ஆத்திரம்தான் இருக்கிறது.

1980 ஏப்ரலில் ஹவானாவின் பெரு நாட்டுத் தூதரகத்துக்குள் பத்தாயிரம் பேருக்கு மேல் புகுந்தார்கள். நாட்டில் இருக்க விரும்பாதவர்கள் எல்லாரும் மரியெல் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்குப் போகலாம் என்று அரசு அறிவித்தது. சுமார் 1,25,000 பேர் போனார்கள். தன்பாலீர்ப்பாளர் என்று காவல் நிலையத்தில் சொன்னால் அனுமதி கிடைத்தது; எத்தனையோ ஆண்டுகள் அவரைத் துரத்திய காரணமே வெளியேறும் சீட்டு ஆயிற்று. ஆனால் எழுத்தாளர் அரேனாஸை விடமாட்டார்கள். கடவுச்சீட்டில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தி ‘அரினாஸ்’ ஆனார். துறைமுகத்தில் அதிகாரி பட்டியலில் பெயரைத் தேடினார், இல்லை. படகு ஏறிவிட்டார்.

மயாமி அவருக்கு ஒட்டவில்லை. நியூயார்க்குக்குப் போய், தன்னைப்போல் வந்தவர்களோடு சேர்ந்து 1983இல் ‘மரியெல்’ என்ற இதழைத் தொடங்கினார். காஸ்ட்ரோவை எதிர்த்ததால் அமெரிக்க, ஐரோப்பிய இடதுசாரி அறிவுஜீவிகள் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். பணமும் இல்லை.

1987இல் எய்ட்ஸ் உறுதியானது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், சுவரில் மாட்டியிருந்த கியூப எழுத்தாளர் விர்ஹீலியோ பிஞேராவின் படத்தின்முன் நின்று, எழுத்தை முடிக்க மூன்றாண்டு கொடு என்று கேட்டாராம். பிஞேரா அவருடைய குரு. அவரும் தன்பாலீர்ப்பாளர்தான், கடைசி ஆண்டுகளில் அச்சேற வழியில்லாமலே 1979இல் ஹவானாவில் இறந்தவர். கைக்குத் தெம்பில்லாதபோது சுயசரிதையை ஒலிநாடாவில் பேசிப் பதிந்தார். செலஸ்டினோவில் தொடங்கிய ஐந்து நாவல் வரிசையையும் முடித்தார். 1990 டிசம்பர் 7 அன்று, 47 வயதில், தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார். விட்டுச்சென்ற கடிதத்தில் காஸ்ட்ரோவைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டினார்.

சுயசரிதையை நீதிமன்ற வாக்குமூலம் போலப் படிக்காதீர்கள். அரேனாஸ் மிகைப்படுத்துவார், தன்னோடு படுத்தவர்களின் எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் சொல்வார், பிடிக்காதவர்களைக் கிழித்துத் தொங்கவிடுவார். ஆனால் துரத்தல் கற்பனையில்லை. 2010இல் மெக்சிகோவின் ‘லா ஹோர்னாடா’ பேட்டியில், தன்பாலீர்ப்பாளர்களுக்கு நடந்த அநீதிக்குப் பொறுப்பு யாருடையது என்றால் என்னுடையதுதான் என்று காஸ்ட்ரோவே ஒப்புக்கொண்டார். 2022 பொதுவாக்கெடுப்பில் கியூபா ஒருபாலினத் திருமணத்தையும் ஏற்றது. தமிழில் சே, காஸ்ட்ரோ பற்றிப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. அவற்றை நேசித்துப் படிப்பவர்கள்தான் அரேனாஸை முதலில் படிக்க வேண்டும் என்பேன். அந்தப் புரட்சி படிக்க வைத்த கிராமத்துப் பையன் சொல்வதைக் கேட்க மறுத்துவிட்டு, அதே புரட்சியைக் கொண்டாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கே தொடங்குவது என்றால், ‘பிஃபோர் நைட் ஃபால்ஸ்’ என்று ஆங்கிலத்தில் கிடைக்கும் சுயசரிதையை முதலில் எடுங்கள். ஹவியேர் பார்டெம் நடித்த படத்தை அதற்குப் பிறகு பாருங்கள். அடுத்து செலஸ்டினோ, ஆங்கிலத்தில் ‘சிங்கிங் ஃப்ரம் தி வெல்’. ‘தி கலர் ஆஃப் சம்மர்’ நாவலைக் கடைசிக்கு வையுங்கள். அதில் வரும் பாதிப் பேர் நிஜ மனிதர்கள். சுயசரிதை படித்தவர்களுக்குத்தான் யார் யாரென்று பிடிபடும்.