பாலை விடாதீர்கள்

கோத்தகிரி நண்பருக்கு: டெக்கன் 7 என்ற சண்டை வீடியோ கேமில் சித்தப்பா பையன் எடி கோர்டோ என்ற வீரனை எடுத்து, இரண்டு உதை பட்டன்களையும் கண்டபடி தட்டியே ஜெயிக்கிறான், நீங்கள் எடுத்து ஆடும் பால் (Paul) என்ற வீரனை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ("பாலை விடவா" என்றதும் முதலில் டீக்கடை ஞாபகம்தான் வந்தது.)

விட வேண்டாம். பால் 1994ல் வந்த முதல் டெக்கனிலிருந்தே இருக்கும் ஆள். எடி வந்தது மூன்றாம் பாகத்தில்தான். அன்றிலிருந்தே எல்லா வீட்டிலும் இதே சண்டை! எடி ஆடும் கப்போயிராவை, அதாவது நடனம் போன்ற பிரேசில் சண்டைக் கலையைப் பார்க்க அழகு, எதிரே உட்கார்ந்தவருக்குத்தான் எரிச்சல்.

உங்கள் தப்பு, பயத்தில் குனிந்தே இருப்பது என்று நினைக்கிறேன். குனிந்தால் நடு உயர அடி விழும், அதுதான் பெரும்பாலும் அதிகம் வலிக்கும். நின்றே தடுங்கள். சின்னக் காலடி உதை இரண்டு பட்டால் படட்டும். அவன் திரும்பத் திரும்பப் போடும் பெரிய காலடி உதைக்கு மட்டும் குனிந்து தடுத்து, எழும்போதே ஒரு குத்து விடுங்கள். பயிற்சிப் பகுதியில் அந்த உதையைப் பதிவு செய்து ஓடவிடலாம். அரை மணி நேரம் பழகினால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

அப்புறம், மார்கழியில் விளையாடுவதாக இருந்தால் கையைக் கொஞ்சம் அடுப்பில் காட்டிவிட்டு உட்காருங்கள். குன்னூரில் நான் பாதி ஆட்டம் தோற்பது விறைத்த விரலால்தான்.